ஊரின் மனநிலையும் பங்குச் சந்தையும்: வாசகர் கேள்வி – பதில்

மக்களின் பொது மனநிலை, பங்கு விலை, வெகுஜன ரசனை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கோவை வாசகர்: சந்தை விழும்போதெல்லாம் டி.வி.யில் 'சென்டிமென்ட் சரியில்லை' என்கிறார்கள். அது காரணமா, சமாளிப்பா? முதலில் மக்களின் மனநிலை மாறுகிறது, செய்திகள் பின்னால்தான் வருகின்றன என்று ஒரு கோட்பாடு இருப்பதாக என் தங்கை மகன் சொல்கிறான். நம்பலாமா?

விலை விழுந்த பிறகு சொல்லப்படும் 'சென்டிமென்ட்' காரணமே இல்லை. விலை இறங்கியது என்பதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். அதைக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், விலையைத் தொடாமல் மனநிலையைத் தனியாக அளந்திருக்க வேண்டும். விலை நகரும் முன்பே அளந்திருக்க வேண்டும்.

உங்கள் தங்கை மகன் சொல்வது சோஷியனாமிக்ஸ். அமெரிக்கரான ராபர்ட் பிரெக்டர் 1985-ல் 'பாரன்ஸ்' இதழில் வெகுஜன ரசனையும் பங்குச் சந்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் வித்து இருக்கிறது. 1930-களில் ரால்ஃப் நெல்சன் எலியட் வகுத்த அலைக் கோட்பாடுதான் அடித்தளம்; பங்கு விலை எண்ணக்கூடிய அலைகளாக, ஒரே வடிவில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் என்பது அது. சமூகத்தின் மனநிலை வெளிக்காரணம் இல்லாமல் தானாகவே ஏறி இறங்கும். அதைப் பங்கு விலை உடனே காட்டிவிடும். பாட்டு, உடை, சினிமா, தேர்தல் முடிவு, போர் எல்லாம் பின்னால் வரும் என்பது அவருடைய வாதம்.

இதில் உண்மை இருக்கும் பகுதி எது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2008 ஜனவரி 10 அன்று சென்செக்ஸ் வர்த்தகத்தின் நடுவே 21,206 புள்ளியைத் தொட்டது. அதே நாளில்தான் டெல்லி வாகனக் கண்காட்சியில் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று டாட்டா நானோ மேடையேறியது. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 15-ல், ரிலையன்ஸ் பவர் ஐ.பி.ஓ. (ஒரு கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) திறந்தது, 11,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அந்த வெளியீட்டுக்கு எழுபது மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. பிப்ரவரி 20-ல் ஐ.பி.எல். வீரர்களின் முதல் ஏலம். மார்ச்சில் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்க டாட்டா ஒப்பந்தம் போட்டது. மலிவுக் கார், மாபெரும் ஐ.பி.ஓ., கிரிக்கெட்டுக்கு ஏலம், வெளிநாட்டுக் கம்பெனியை வாங்கும் துணிச்சல் என்று எல்லாமே மூன்று மாதத்துக்குள் வந்து விழுந்தன. இவை ஒரே நாளில் முளைத்தவை அல்ல. 2003 முதல் ஏறிக்கொண்டே வந்த நம்பிக்கையில் திட்டமிடப்பட்டு, அந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்தபோது அரங்கேறியவை. 2009 மார்ச் 9-ல் சென்செக்ஸ் 8,160. அந்த மார்ச்சில் எந்த முதலீட்டு வங்கியும் அப்படியொரு ஐ.பி.ஓ.வைக் கையில் எடுத்திருக்காது.

ஆனால் கோட்பாட்டின் மறுபாதி, அதாவது செய்திகள் மனநிலையை மாற்றுவதில்லை என்பது, நிற்காது. 2004 மே 17 அன்று தேர்தல் முடிவுக்குப் பிந்தைய பீதியில் சென்செக்ஸ் 11 சதவீதம் சரிந்தது. 2009 மே 18 அன்று தேர்தல் முடிவுக்குப் பிறகு 17 சதவீதம் ஏறி, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. 2020 மார்ச் 23 அன்று கொரோனா ஊரடங்குச் சூழலில் 13 சதவீதம் சரிவு. 2024 ஜூன் 3 அன்று கருத்துக் கணிப்பை நம்பி 2,507 புள்ளி ஏற்றம். மறுநாள் வாக்குகளை எண்ண எண்ண 4,389 புள்ளி வீழ்ச்சி. இங்கெல்லாம் செய்தி முன்னால், மனம் பின்னால். அலையை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை வரும். தவறானால் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளவும் இடமுண்டு. தவறு என்று நிரூபிக்க வழியே இல்லாத ஒன்றை நம்பிப் பணம் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் பெரிய அசைவைச் செய்தி தீர்மானிக்கிறது. எந்த மாதிரித் திட்டத்துக்குப் பணம் கிடைக்கும், எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு விலை கொடுக்க மக்கள் தயார் என்பதை வருடக்கணக்கில் நீடிக்கும் பொது மனநிலை தீர்மானிக்கிறது.

மதுரை வாசகி: பொருளாதாரம் நன்றாக இருந்தால் பாவாடை நீளம் குறையும், மந்தமானால் லிப்ஸ்டிக் அதிகம் விற்கும், உலகிலேயே உயரமான கட்டடம் எழும்பினால் சந்தை சரியும் என்றெல்லாம் படிக்கிறேன். எது உண்மை?

பாவாடைக் கணக்கு 1920-களின் அமெரிக்காவில், பொருளியல் பேராசிரியர் ஜார்ஜ் டெய்லர் பெயரில் கிளம்பியது. 2010-ல் நெதர்லாந்தின் வான் பார்ட்வைக், ஃபிரான்சஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பிரெஞ்சு ஃபேஷன் இதழின் படங்களை 1921 முதல் 2009 வரை எடுத்து, பாவாடை நீளத்தை வகைப்படுத்தி, பொருளாதாரச் சுழற்சியோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் திசை தலைகீழ். பொருளாதாரம் முன்னே போக, பாவாடை ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துப் பின்னே வந்தது. வரப்போவதைச் சொல்ல அது உதவாது.

கட்டடக் கதையும் அப்படித்தான். 1999-ல் ஆண்ட்ரூ லாரன்ஸ் இதை முன்வைத்தார். துபாய் வேர்ல்டு நிறுவனம் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டது 2009 நவம்பரில்; புர்ஜ் கலீஃபா திறக்கப்பட்டது 2010 ஜனவரியில். இந்த ஒரு பொருத்தத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஜேசன் பார் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தி வளர்ச்சியைக் கொண்டு கட்டட உயரத்தைக் கணிக்க முடிந்தது. உயரத்தைக் கொண்டு மந்தத்தைக் கணிக்க முடியவில்லை. பணம் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அஸ்திவாரம் போடுகிறார்கள், முடிக்க ஐந்தாறு வருடம் ஆகிறது, அதற்குள் காலம் மாறிவிடுகிறது.

லிப்ஸ்டிக் பேச்சு 2001-ல் எஸ்டே லாடர் தலைவர் லெனார்ட் லாடரால் பரவியது. 2020-ல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, மந்தத்திலும் லிப்ஸ்டிக் விற்பனை படுத்தது.

நாகர்கோவில் வாசகி: மந்தமான காலத்தில் சோகப் பாட்டு ஹிட் ஆகுமா? நான் இசை பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். தமிழ்ப் பாட்டை வைத்து இதை அளக்க முடியுமா?

உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. ஹரால்ட் சுல்லோ 1991-ல் வெளியிட்ட ஆய்வில், 1955 முதல் 1989 வரை அமெரிக்காவில் முதல் 40 இடம் பிடித்த பாடல்களின் வரிகளை எடுத்தார். கெட்டதையே திரும்பத் திரும்ப அசைபோடும் வரிகள் அதிகரித்தால், ஓரிரு ஆண்டில் நுகர்வோர் நம்பிக்கையும் செலவும் குறைவதாகக் கண்டார். அந்த 35 ஆண்டுகளில் வந்த மந்தங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவ்வளவு குறைந்த நிகழ்வுகளில் அழகான பொருத்தம் தற்செயலாகவும் அமையும்.

உறுதியான ஆய்வு 2022-ல் வந்தது. அலெக்ஸ் எட்மன்ஸும் அவருடைய குழுவினரும் 40 நாடுகளில் ஸ்பாட்டிஃபையில் மக்கள் கேட்ட பாடல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை உள்ள மகிழ்ச்சி மதிப்பெண்ணைக் கொண்டு வாராந்தரச் சராசரி கண்டார்கள். மகிழ்ச்சியான பாடல்கள் அதிகம் கேட்கப்பட்ட வாரத்தில் சந்தையும் சற்று ஏறியது. அடுத்த வாரமே அந்த ஏற்றம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஏற்றத்தின் அளவும் 0.1 சதவீதத்துக்குக் குறைவு. எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தத் திரும்புதல்தான். கம்பெனிகளின் மதிப்பைப் பற்றிய உண்மையான தகவல் விலையை ஏற்றியிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். திரும்பியதால்தான் அது மனநிலை என்று சொல்ல முடிகிறது.

தமிழில் செய்யும்போது இரண்டு பள்ளங்கள் உண்டு. நம் ஹிட் பட்டியலைப் பெரும்பாலும் பட வெளியீட்டுத் தேதி தீர்மானிக்கிறது. பொங்கலுக்கும் சித்திரைக்கும் தீபாவளிக்கும் பெரிய படங்கள் வருகின்றன. அதற்குச் சில வாரம் முன்பு குத்துப்பாட்டு வெளியாகிறது. அந்தப் பட்டியலை நேராக அளந்தால் தயாரிப்பாளரின் நாட்காட்டிதான் கிடைக்கும். ஆகவே புதுப் பாட்டை விட்டுவிட்டு, வெளியாகி ஒரு வருடம் கடந்த பாடல்களை மட்டும் எடுங்கள்; ஆயிரக்கணக்கான பழைய பாடல்களில் இந்த வாரம் மக்கள் எதைத் தேடிப் போனார்கள் என்பது அவர்களின் சொந்தத் தேர்வு. இரண்டாவது, தாளமும் வரியும் எதிரெதிராக நிற்கும் பாடல்கள் நம்மிடம் ஏராளம். கானாவில் சாவைப் பாடும்போதும் ஆட்டம் போடவைக்கும் தாளம் இருக்கும். அதற்குக் கணினி உயர்ந்த மகிழ்ச்சி மதிப்பெண் போட்டுவிடும். இருநூறு பாடலையாவது மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போட்டு, கணினியின் மதிப்பெண்ணோடு ஒத்துப் பாருங்கள். படத்தையே அளவுகோலாக வைக்காதீர்கள். கதை எழுதிய நாளுக்கும் திரைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஒன்றரை இரண்டு வருடம் ஓடிவிடும்.

வேலூர் வாசகர்: கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் மறுநாள் சந்தை விழுமா?

உலகக் கோப்பைக் கால்பந்து நாக்-அவுட் ஆட்டத்தில் தோற்ற நாட்டின் சந்தை மறுநாள் சராசரியாக 0.49 சதவீதம் பின்தங்கியதாக எட்மன்ஸ், கார்சியா, நோர்லி 2007-ல் காட்டினார்கள். வெற்றிக்கு அப்படி ஏற்றம் இல்லை. கிரிக்கெட்டிலும் தோல்விக்குப் பாதிப்பு உண்டு, ஆனால் கால்பந்தைவிடக் குறைவு. 2023 நவம்பர் 19 அன்று இந்தியா தோற்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் சென்செக்ஸ் 140 புள்ளி, அதாவது 0.2 சதவீதம் இறங்கியது; எந்தத் திங்கட்கிழமையும் நடக்கக்கூடிய இறக்கம்தான். டெலிவரியில் (அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் முறையில்) வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 என எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே 0.2 சதவீதம். இதை வைத்து வியாபாரம் செய்ய இடமில்லை.

சென்னை வாசகர்: சமூக வலைதளப் பதிவுகளை ஏ.ஐ. மூலம் படித்து, 'மக்கள் மனநிலை' சிக்னல் தரும் செயலிக்கு மாதச் சந்தா கேட்கிறார்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் துல்லியமாம். சேரலாமா?

வேண்டாம். இத்தகைய விளம்பரங்களின் மூலம் பெரும்பாலும் 2011-ல் ஜோஹன் போலனும் இரு சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வுதான். 2008-ன் ட்விட்டர் பதிவுகளை வைத்து அமெரிக்கப் பங்குக் குறியீடான டோவ் ஜோன்ஸ் ஏறுமா இறங்குமா என்பதைச் சுமார் 87 சதவீதம் சரியாகக் கணித்ததாகச் சொன்னது. கணிப்பைச் சோதித்த காலம் 2008 டிசம்பரில் மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. முதல் கட்டத்தில் ஏழு வகை மனநிலை அளவீடுகளை, ஒன்று முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டுச் சோதித்தார்கள். ஏழேழு 49 சோதனை. தற்செயலாகப் பொருந்த 5 சதவீத வாய்ப்பை அனுமதிக்கும் வழக்கமான அளவுகோலில், ஒன்றுமே இல்லாத தரவிலும் இரண்டு மூன்று 'வெற்றி' தானாக விழும். இதை நம்பி லண்டனில் தொடங்கப்பட்ட டெர்வென்ட் கேபிடல் நிதியம் நீடிக்கவில்லை.

நம் மொழியில் இன்னொரு கஷ்டம் சேருகிறது. 'கொன்னுட்டான்', 'மரண மாஸ்', 'வெறித்தனம்' எல்லாம் பாராட்டு. சொற்பட்டியலை வைத்து எண்ணும் மென்பொருள் இவற்றைத் துக்கக் கணக்கில் எழுதும். ஆங்கிலத்திலேயே இந்தக் கோளாறு உண்டு. பொதுவான எதிர்மறைச் சொற்பட்டியலைக் கம்பெனி அறிக்கைகளில் பொருத்தினால், எண்ணப்படும் சொற்களில் ஏறக்குறைய முக்கால்வாசி நிதித்துறையில் எதிர்மறையே அல்ல என்று லோரனும் மெக்டொனால்டும் 2011-ல் காட்டினார்கள். வரி, செலவு, பொறுப்பு என்பவை கணக்குப் புத்தகத்தில் சாதாரணச் சொற்கள்தானே.

சேருவதற்கு முன் அந்த நிறுவனத்தின் செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பதிவு இருப்பது லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தச் சிக்னல் எஃப் அண்ட் ஓ (பங்கின் வருங்கால விலை மீது ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்துக்கு என்றால் இதையும் சேர்த்துப் படியுங்கள்: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இது செபியே வெளியிட்ட கணக்கு.

சேலம் வாசகர்: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கொரோனா இரண்டாம் அலையில் கடைத்தெருவே அழுதது, சந்தை மட்டும் ஏறியது. மக்கள் மனநிலைதான் சந்தை என்றால் இது எப்படி?

யாருடைய மனநிலை என்று கேட்காமல் விட்டதால் வந்த குழப்பம் இது. ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நகரக் குடும்பங்களிடம் பொருளாதாரம், வேலை, விலைவாசி, வருமானம், செலவு என்ற ஐந்தைப் பற்றிக் கேட்டு நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு வெளியிடுகிறது. 100 என்றால் நல்லது என்போரும் கெட்டது என்போரும் சரிசமம். 2021 மே மாதத்தில் தற்போதைய நிலைக் குறியீடு 48.5, அதுவரை காணாத வீழ்ச்சி. அதே ஆண்டு ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐயும் செப்டம்பரில் 60,000-ஐயும் தாண்டியது.

அந்தக் குறியீடு உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் மனநிலை. சந்தை விலையில் தெரிவது பணம் வைத்திருந்தவர்களின் மனநிலை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் அப்போது 4 சதவீதமாக இருந்தது. ஃபிக்சட் டெபாசிட்டில் வட்டி குறைந்துபோனதால் பணம் வேறு இடம் தேடியது. வீட்டில் அடைபட்ட இளைஞர்கள் செல்போனிலேயே கணக்கு திறந்தார்கள். 2020 மார்ச்சில் சுமார் 4.1 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குகள்) இரண்டே ஆண்டில் ஏறக்குறைய 9 கோடி. சிறு கடைகளும் பட்டறைகளும் இழந்த வியாபாரத்தில் ஒரு பங்கு பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளுக்குப் போனது. ஊருக்கு ஒரே மனநிலை என்று பேசும் கோட்பாடு தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

திருச்சி வாசகர்: டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பங்குச் சந்தைப் பேச்சு வந்துவிட்டால் விற்றுவிட வேண்டும் என்பார் என் அண்ணன். பின்பற்றலாமா?

அண்ணன் பார்ப்பது சரியானதை. ஆனால் 'எப்போது' என்பதை அந்தப் பேச்சு சொல்லாது.

1996 டிசம்பர் 5 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், சொத்து விலைகளில் பகுத்தறிவுக்கு ஒவ்வாத உற்சாகம் இருக்கிறதோ என்று பொதுமேடையிலேயே கேட்டார். அன்று டோவ் 6,437. அவர் சந்தேகித்தது தவறே இல்லை. ஆனால் சந்தை மேலும் மூன்று வருடம் ஏறி 2000 ஜனவரியில் 11,722-ஐத் தொட்டது. பிறகு வந்த சரிவின் அடிமட்டம் 2002 அக்டோபரில் 7,286. 2008 நெருக்கடியின் அடிமட்டம் 2009 மார்ச்சில் 6,547. எச்சரிக்கையைக் கேட்டு 6,437-ல் விற்றவருக்கு, அந்த இரண்டு பெரும் சரிவிலும் அதே விலைக்குத் திரும்ப வாங்க வாய்ப்பு வரவில்லை.

அவநம்பிக்கைப் பக்கமும் இப்படியே. 'பிசினஸ் வீக்' 1979 ஆகஸ்டில் பங்கு முதலீடு செத்துவிட்டது என்று அட்டைப்படம் போட்டது இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. ஆனால் அதைப் பார்த்த மறுநாளே வாங்கியவர், பெரிய ஏற்றம் தொடங்கிய 1982 ஆகஸ்ட் வரை மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அமெரிக்காவில் பணவீக்கம் இரட்டை இலக்கத்தைத் தொட்ட காலம். மூன்று வருடம் பணத்தைத் தொடாமல் இருக்க முடியாதவருக்கு அந்த அட்டைப்படத்தால் எந்தப் பயனும் இல்லை.

ஈரோடு வாசகி: எங்கள் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்தவர்கள் நிறைய. அதுவும் இந்த மனநிலைக் கணக்கில் வருமா? படித்தவர்களும் ஏன் விழுந்தார்கள்?

வரும். பங்குச் சந்தையைவிடக் கடுமையாக வரும். பங்குக்குத் தினமும் விலை உண்டு. விலை அதிகம் என்று நினைப்பவர் விற்கிறார், அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் நொறுங்கிய ஈமு திட்டங்களிலும், அதற்கு முன் 1990-களில் 24, 36 சதவீத வட்டி என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்களிலும் அப்படி விலை காட்டும் இடமே கிடையாது. சந்தேகப்பட்டவர் பணம் போடாமல் ஒதுங்கிப் போகலாம், அவ்வளவுதான். அவருடைய சந்தேகம் வேறு யாருக்கும் தெரியாது. பணம் போட்டவர் மாதாமாதம் வட்டி வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொல்லுவார். நம்பிக்கை மட்டுமே ஊரில் சுற்றும். முதல் வருடம் ஒழுங்காகப் பணம் வந்தது என்பதைச் சான்றாக எடுத்தார்கள் படித்தவர்கள். அந்தப் பணம் பின்னால் சேர்ந்தவர்கள் போட்ட பணத்திலிருந்து வந்தது.

ஈமுவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வளர்ந்த பறவையை, அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள்? இன்று எந்தத் திட்டம் வந்தாலும் இதையே கேளுங்கள். இழந்தவர்கள் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-ன் கீழ், பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். அசல் பத்திரம், பணம் கொடுத்த ரசீது, வங்கி அறிக்கை, விளம்பர நோட்டீஸ் எதையும் அந்த நிறுவனத்திடம் திரும்பக் கொடுத்துவிடக் கூடாது. 'புதுப்பித்துத் தருகிறோம்' என்று அசலை வாங்கிப் போவது வழக்கமான தந்திரம்.

தஞ்சை வாசகர்: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கணினியில் விரிதாள் போடத் தெரியும். காசு செலவில்லாமல் சந்தையின் மனநிலையை நானே அளக்க வழி சொல்லுங்கள்.

தாராளமாகச் செய்யலாம். பேக்கரும் வர்க்லரும் 2006-ல் அமெரிக்காவுக்கு ஆறு அளவீடுகளைச் சேர்த்து ஒரே குறியீடாக்கினார்கள்: ஐ.பி.ஓ. எண்ணிக்கை, ஐ.பி.ஓ. முதல் நாள் லாபம், வர்த்தக அளவு முதலியவை. மனநிலை உச்சத்தில் இருந்த பிறகு எல்லாப் பங்கும் ஒரே மாதிரி அடிவாங்கவில்லை. சிறியவை, புதியவை, லாபம் காட்டாதவை, விலை அதிகம் ஆடுபவைதான் பின்தங்கின. மதிப்புப் போடக் கடினமான பங்கில் மனநிலை உட்கார இடம் அதிகம். உங்கள் அளவீடும் அந்தப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு முறை, ஒரே தேதியில் ஐந்து எண்களை எழுதுங்கள். முதலாவது, சந்தை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டும் இந்தியா விக்ஸ் குறியீட்டின் மாதச் சராசரி. இரண்டாவது, தேசியப் பங்குச் சந்தையில் 52 வார உச்சம் தொட்ட பங்குகளிலிருந்து 52 வார அடிமட்டம் தொட்டவற்றைக் கழித்து, வர்த்தகமான மொத்தப் பங்குகளால் வகுத்தது. மூன்றாவது, அந்த மாதம் மெயின்போர்டில் (பெரிய கம்பெனிகளுக்கான பிரிவில்) பட்டியலான ஐ.பி.ஓ.க்களின் முதல் நாள் லாப சதவீதம். சராசரி வேண்டாம், வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள், இல்லையென்றால் ஒரே ஓர் அதிர்ஷ்ட ஐ.பி.ஓ. கணக்கைக் கெடுத்துவிடும். நான்காவது, சிறு கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி ஸ்மால்கேப் 250-ன் பி.இ. விகிதத்தை (பங்கு விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை), பெரிய 50 கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி 50-ன் பி.இ.யால் வகுத்தது. ஐந்தாவது, மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் மாத அறிக்கையில் பங்குசார் ஃபண்டுகளுக்கு வந்த நிகரப் பணத்தில் ஸ்மால்கேப் ஃபண்டுகளின் பங்கு.

ஐந்து வருடத்துப் பழைய எண்களையும் சேர்த்து 60 வரிசை இருந்தால் நல்லது. 36-க்குக் குறைந்தால் பலன் இல்லை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, திட்ட விலகலால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு; விரிதாளே கணக்கிட்டுத் தரும்) வகுத்தால் எல்லாம் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும். விக்ஸுக்கு மட்டும் குறியை மாற்றுங்கள், ஏனென்றால் அது பயத்தின் அளவு. பிறகு ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் மாத மனநிலை எண் கிடைக்கும். அது +1.5-ஐத் தாண்டினால் கூட்டம் மிதமிஞ்சிய உற்சாகத்தில் இருக்கிறது, –1.5-க்குக் கீழே போனால் பயத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கெடக்கூடிய இடங்களைச் சொல்லிவிடுகிறோம். நிஃப்டி பி.இ. 2021 மார்ச் இறுதி வரை தனிநிறுவன லாபத்தின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது, பிறகு துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபத்துக்கு மாறியது. அந்தத் தேதியில் எண் திடீரென இறங்குவது மனநிலை மாற்றம் அல்ல. அதற்கு முந்தையதைக் கலக்காதீர்கள். எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் போடும்) தொகை, டீமேட் எண்ணிக்கை போல எப்போதும் ஏறிக்கொண்டே போகும் எண்களை அப்படியே போட்டால் எல்லா மாதமும் உச்சமாகத்தான் தெரியும். போன வருடம் இதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது என்று மாற்றியே பயன்படுத்துங்கள். கூகுள் டிரெண்ட்ஸ் சேர்க்க விரும்பினால், அது 0 முதல் 100 வரை ஒவ்வொரு முறையும் புதிதாக அளவு மாற்றித் தருகிறது. மாதிரித் தரவும் மாறுகிறது. முழுக் காலத்தையும் ஒரே முறையில் எடுங்கள், வெவ்வேறு நாளில் மூன்று முறை எடுத்துச் சராசரி காணுங்கள், துண்டுகளை ஒட்டாதீர்கள். அளவீடுகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையும் வேண்டாம். சம்பந்தமே இல்லாத இருபது அளவீடுகளை அதே 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 64 சதவீதம்.

இந்த எண்ணை வைத்து வாங்கவோ விற்கவோ வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். உங்கள் கையைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்துங்கள். +1.5-க்கு மேல் இருக்கும் மாதங்களில் ஸ்மால்கேப்பில் மொத்தமாகப் பணம் போடுவதில்லை, எஸ்.எம்.இ. (சிறு, நடுத்தரக் கம்பெனிகளின்) ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிப்பதில்லை, நகையை வைத்துச் சந்தைக்குப் பணம் கொண்டுவருவதில்லை. பங்கு 40, டெபாசிட் 60 என்று நீங்கள் வகுத்த பங்கீடு 50-50 ஆகியிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. –1.5-க்குக் கீழே நடந்துகொண்டிருக்கும் எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதில்லை. இந்த விதிகளை இன்றே, மனம் அமைதியாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூம் வைத்திருந்த ஒரு கம்பெனி 12 கோடி ரூபாய் கேட்டு எஸ்.எம்.இ. ஐ.பி.ஓ. போட்டது, 4,800 கோடிக்கு விண்ணப்பம் வந்தது. அப்படியொரு வாரத்தில் உட்கார்ந்து விதி எழுதினால் அது தளர்வாகத்தான் இருக்கும்.

புதுச்சேரி வாசகி: இந்தியா விக்ஸ் 12 என்றால் 12 சதவீதம் விழும் என்று அர்த்தமா?

இல்லை. அடுத்த 30 நாளில் நிஃப்டி எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகள் எதிர்பார்ப்பதை ஆண்டுக் கணக்காக்கிச் சொல்லும் எண் அது. மாதத்துக்கு மாற்ற 12-ன் வர்க்கமூலமான 3.46-ஆல் வகுங்கள்; 3.46 சதவீதம் வரும். நிஃப்டி 25,000 என்றால் சுமார் 865 புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். அந்த எல்லைக்குள் நிற்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஒரு நாளைக்கு வேண்டுமென்றால், ஆண்டின் சுமார் 252 வர்த்தக நாளின் வர்க்கமூலமான 15.87-ஆல் வகுத்தால் 0.76 சதவீதம். திசையை அது சொல்லாது. எண் தாழ்வாக இருப்பது பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது: 2024 ஏப்ரல் கடைசியில் 10-ஐ ஒட்டி இருந்த விக்ஸ், ஜூன் 4 அன்று 25-ஐத் தாண்டியிருந்தது.